பழைய பிரிட்டிஷ் சிறைச் சீருடைப் பொத்தான்: வயதைக் கண்டுபிடிப்பது எப்படி

சிறைப் பொத்தான் என்றதும் பலருக்கும் கைதியின் சட்டைதான் ஞாபகம் வரும். ஆனால் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி வார்டர்களின், அதாவது சிறைக் காவலர்களின், கோட்டிலிருந்து வந்தவை, கிரீடமும் எழுத்தும் இருப்பதும் அவற்றில்தான், ஆகவே வயதைச் சொல்லக்கூடியவையும் அவைதான். கைதிகளின் உடுப்பில் இருந்தவை பெரும்பாலும் ஒரு குறியும் இல்லாத சாதாரணப் பொத்தான்கள். 'இது இங்கிலாந்து டார்ட்மூர் சிறைக் கைதியோடது' என்று ஒருவர் எலும்புப் பொத்தானைக் காட்டினால், அது எங்கே, எந்தத் துணியோடு கிடைத்தது என்று கேளுங்கள், பதில் இல்லையென்றால் அது வெறும் எலும்புப் பொத்தான்தான். அம்புக்குறி போட்டிருந்தாலும் அவசரப்படாதீர்கள். அகன்ற அம்பு என்பது அரசாங்கச் சொத்துக்கான பொது அடையாளம், ராணுவக் கிடங்குச் சாமான்களிலும் அதே அம்புதான் இருக்கும்.

சரி, கையில் ஒரு பித்தளைப் பொத்தான் இருக்கிறது, கிரீடமும் சிறை என்ற சொல்லும் தெளிவாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் எந்த ராஜா காலம் என்று சொல்லும், பின்பக்கம் யார் செய்தார்கள், எந்த விலாசத்திலிருந்து செய்தார்கள் என்று சொல்லும். இரண்டு கால எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற அந்தச் சில வருடங்கள்தான் உங்கள் தேதி. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் வயதை நான் நம்புவதில்லை.

கிரீடத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். மேல் வளைவுகள் இரண்டு பக்கமும் உருண்டு குவிமாடம்போல் ஏறி நின்றால் அது டியூடர் கிரீடம், சேகரிப்பவர்கள் ராஜா கிரீடம் என்பார்கள், 1901 முதல் 1952 வரை. வளைவுகள் நடுவில், உருண்டைக்குக் கீழே பள்ளமாக இறங்கினால் அது இரண்டாம் எலிசபெத் காலத்துப் புனித எட்வர்ட் கிரீடம். விக்டோரியா காலத்தில்தான் சிக்கல், அப்போது கிரீடத்துக்கு ஒரே வடிவம் என்று இல்லை, சிலவற்றில் நடுப்பள்ளம் இருப்பதால் எலிசபெத் காலத்தது என்று ஏமாந்துவிடலாம். வி.ஆர். (விக்டோரியா ரெஜினா, அதாவது விக்டோரியா ராணி) என்ற பின்னல் எழுத்து இருந்தால் 1837-1901, கவலையில்லை. இல்லையென்றால் பின்பக்கம்தான் தீர்ப்புச் சொல்லும். இன்னொன்றும் உண்டு: 2022-இல் மூன்றாம் சார்லஸ் மறுபடியும் டியூடர் கிரீடத்தையே தேர்ந்தெடுத்தார். குவிந்த கிரீடம் என்றாலே நூறு வருடப் பழசு என்று இனி சொல்ல முடியாது.

அங்கேதான் உலோகம் உதவுகிறது. பழைய பொத்தான் பித்தளை, சில நேரம் தங்க முலாமோ வெள்ளை முலாமோ பூசியது, கையில் எடை தெரியும். 1950-களில் பாலிஷே தேவைப்படாத ஆனடைஸ்டு (மின்முறையில் மேற்பரப்பைக் கெட்டியாக்கிய) அலுமினியப் பொத்தான்கள் பரவின, அவை இறகு மாதிரி லேசாக, மங்காத மஞ்சள் மினுக்கோடு இருக்கும். குவிந்த கிரீடமும் அலுமினிய எடையும் சேர்ந்து வந்தால் பழசு என்று சொல்பவரைச் சந்தேகப்படுங்கள்.

பின்பக்க எழுத்துக்கு வருவோம். ஃபர்மின், காண்ட் போன்ற லண்டன், பர்மிங்ஹாம் பெயர்கள் அடிக்கடி வரும். பெயரைவிட அதோடு ஒட்டியிருக்கும் வாலைக் கவனியுங்கள். 'லிமிடெட்' இருந்தால் 1855-க்கு முன்பாக இருக்கவே முடியாது, பிரிட்டனில் வரம்புக்குட்பட்ட பொறுப்புச் சட்டம் வந்ததே அந்த வருடம்தான். தெருப் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். கம்பெனி அந்த விலாசத்தில் எந்த வருடங்களில் இருந்தது என்று பழைய வர்த்தக டைரக்டரிகளில் பார்க்கலாம், லெஸ்டர் பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் ஐம்பது வருட எல்லையைப் பத்து வருடமாகச் சுருக்கிவிடலாம், இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

முன்பக்க வாசகத்திலும் ஒரு எல்லை ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளூர்ச் சிறைகள் எல்லாம் 1877 சட்டத்தின்படி 1878 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசின் கைக்குப் போயின. அதனால் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பெயரைப் போட்ட சிறைப் பொத்தான் கிடைத்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. இவை குறைவு, விலையும் அதிகம், போலியும் இங்கேதான் நுழையும். அச்சில் அடித்த அசலில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும், வார்த்தெடுத்த நகலில் ஓரம் மழுங்கி, மேற்பரப்பில் மணல்போல் பொடிப்பொடிக் குழிகள் தெரியும். பின்வளையம் பற்றவைத்த இடத்தையும் பாருங்கள், முன்பக்கம் தேய்ந்து கறுத்திருக்க அந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தால் விட்டுவிடலாம்.

நீங்கள் கண்டுபிடித்தது செய்த காலம்தான், போட்டுக்கொண்ட காலம் வேறு. ராஜா மாறிய மறுநாளே யாரும் கோட்டுப் பொத்தானை மாற்றுவதில்லை, இருப்பில் இருந்ததைத் தைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே கோட்டில் இரண்டு கிரீடங்கள் கலந்திருந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், அதன் மதிப்பே அந்தக் கலப்பில்தான்.

சுத்தம் செய்கிறேன் என்று குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், தயவுசெய்து. புளியும் எலுமிச்சையும் மெட்டல் பாலிஷும் மிச்சமிருக்கிற முலாமையும், கிரீடத்தின் மெல்லிய கோடுகளையும் எடுத்துவிடும். ஏற்கெனவே வார்டர்கள் வருடக்கணக்கில் தேய்த்த பொத்தான் அது. காய்ச்சி வடித்த நீர், மென்மையான பல்துலக்கும் பிரஷ், அப்புறம் உடனே ஒற்றித் துடைத்து நன்றாகக் காயவைப்பது, அவ்வளவு போதும். பச்சைக்களிம்பு கட்டியிருந்தால் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு ஊறவைத்துப் பல்குத்தும் குச்சியால் நெருடி எடுங்கள், ஊசி வேண்டாம். பி.வி.சி. உறையில் போட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுப்பாகிப் பச்சை படியும், அமிலமில்லாத அட்டையில் துளையிட்டு மாட்டி, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

வாங்கும்போது பின்பக்கப் படம் தராத விற்பனையாளரிடம் பணம் கட்டாதீர்கள். இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நூறு வருடம் தாண்டிய வரலாற்றுப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனிநபருக்கு 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை, ஆகவே பழைய பொத்தானை லண்டன் நண்பருக்குக் கவரில் போட்டு அனுப்புகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.