சேஃப்டி ஷவரும் ஐவாஷும்: பொருத்துவது, பராமரிப்பது

ஆசிட், காஸ்டிக் (கடுங்காரம்) புழங்கும் இடத்தில், மேலே பட்டால் உடனே உடம்பைக் கழுவ சேஃப்டி ஷவரும் கண்ணைக் கழுவ ஐவாஷும் கட்டாயம் வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. வடசென்னையில் மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் சின்ன யூனிட்களில்கூடப் பச்சை போர்டும் ஷவரும் கண்ணில் படுகின்றன. ஆனால் மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அதை இழுத்தால் எப்படிப்பட்ட தண்ணீர் வருகிறது, எவ்வளவு வருகிறது? உயிர் தப்புவதும் கண் தப்புவதும் அதில்தான் இருக்கிறது. நான் மெயின்டனன்ஸ் பார்க்கும் பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) யூனிட்டில் இந்த வேலையை முழுவதுமாகச் செய்து முடித்தபின் எழுதுகிறேன். த்ரெட் போடுவது, டெஃப்லான் சுற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை. அளவுகளுக்கு ஆன்சி இசட்358.1 என்ற அமெரிக்கத் தரத்தை எடுத்துக்கொண்டேன்.

1. இடம்

ஆபத்துள்ள இடத்திலிருந்து 10 நொடியில் எட்ட வேண்டும். ஏறத்தாழ 17 மீட்டர். அதே தளத்தில், படி இல்லாமல். அடர் ஆசிட் தொட்டி என்றால் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். இடத்தை முடிவு செய்யும் முன் ஒருவரைக் கண்ணைக் கட்டி நடக்கவிட்டுப் பாருங்கள். வழியில் நிற்கும் டிராலியும் காலி பேரலும் அப்போதுதான் தெரியும். எலக்ட்ரிக்கல் பேனல் பக்கத்தில் கூடவே கூடாது.

2. பொருத்துவது

ஷவர் தலை தரையிலிருந்து 208 முதல் 244 செ.மீ. உயரம். இழுக்கும் கம்பி 175 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஐவாஷ் நாசில் 84 முதல் 134 செ.மீ.க்குள். வால்வு ஒரு நொடியில் திறந்து, கையை எடுத்த பிறகும் திறந்தே நிற்க வேண்டும். ஸ்பிரிங் வைத்துத் தானாக மூடிக்கொள்ளும் வால்வை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்; இரண்டு கையாலும் இமையை விரித்துப் பிடிக்க வேண்டியவர் வால்வை எப்படிப் பிடிப்பார்?

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் வேண்டவே வேண்டாம். எண்ணூர் உப்புக் காற்றில் வெளியே துருப்பிடிக்கும், உள்ளே துருச் செதில் உதிர்ந்து நேராகக் கண்ணுக்குப் போகும். என் சிபாரிசு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடற்கரைப் பக்கம் 304 ரகத்திலும் பழுப்புப் புள்ளி விழுகிறது. ஃபிட்டிங்ஸுக்கு மண்ணடி, பாரிமுனை பக்கம் ஒரு சுற்று சுற்றினால் போதும்.

3. தண்ணீர்

எங்களை அதிகம் அலைய வைத்தது இதுதான். ஷவருக்கு நிமிடத்துக்கு 75.7 லிட்டர், 15 நிமிடம் தொடர்ந்து. கணக்குப் போட்டால் 1,135 லிட்டர். அதை கேன்டீனும் கழிப்பறையும் பங்கு போடாத தனி டேங்கில் வையுங்கள். சாதாரண ஐவாஷுக்கு நிமிடத்துக்கு 1.5 லிட்டர், முகமும் சேர்த்துக் கழுவுவதற்கு 11.4 லிட்டர்.

பிரஷர் அடுத்த சிக்கல். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ (சதுர செ.மீ.க்கு) பிரஷர்தான் கிடைக்கும். கடையில் கிடைக்கும் ஷவர்கள் பெரும்பாலும் 2 கிலோ கேட்கின்றன. ஷெட் கூரை மேல் டேங்க் வைத்தால் தண்ணீர் சொட்டும், அவ்வளவுதான். பம்ப் போட்டால் கரண்ட் போகும் நேரத்தில் கை விரிக்கும்.

அப்புறம் சூடு. தண்ணீர் 16 முதல் 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த பைப்பில் கையை வைத்ததும் இழுத்துக்கொண்டேன். தெர்மாமீட்டர் 45-ஐத் தாண்டியது. டேங்கைவிட பைப்பில் நிற்கும் தண்ணீர்தான் அதிகம் கொதிக்கிறது, முதலில் கண்ணில் அடிப்பதும் அதுதான். ஆசிட் பட்ட கண்ணுக்குச் சுடுதண்ணீர் கெடுதலையே கூட்டும்.

இந்த மூன்றுக்கும் சேர்த்து எனக்குப் பிடித்த தீர்வு டேங்க் ஷவர்: இன்சுலேஷன் போட்ட டேங்க் ஷவருக்கு நேர் மேலேயே உட்கார்ந்திருக்கும். பைப் நீளம் குறைவு, கரண்ட் தேவையில்லை, குறைந்த பிரஷரிலேயே அளவு தரும்படி செய்திருப்பார்கள். நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன்னுக்கு மேல், அதனால் ஃபவுண்டேஷனில் கஞ்சத்தனம் கூடாது. மேலே ஒரு நிழல் கூரையும் போடுங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? பைப்பை மண்ணுக்கு அடியில் கொண்டுபோய், வெளியே தெரியும் பகுதிக்கு இன்சுலேஷன் சுற்றி, சூடு ஏறினால் தானாகக் கொட்டிவிடும் வால்வு ஒன்று வையுங்கள்.

அளவைச் சோதிக்க மீட்டர் வேண்டாம். தார்ப்பாயைப் புனல்போலக் கட்டி 200 லிட்டர் பேரலில் பிடியுங்கள். 2 நிமிடம் 38 நொடிக்குள் நிறைய வேண்டும். ஐவாஷையும் கூடவே திறந்து வைத்து ஒரு முறை பாருங்கள்.

4. பராமரிப்பு

வாரம் ஒரு முறை திறந்து, கலங்கல் போய்த் தெளியும்வரை ஓடவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் அகாந்தமீபா, சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் வளரும். புண்பட்ட கண்ணுக்கு அவை பெரும் ஆபத்து. நாசில் மூடி தண்ணீர் வேகத்தில் தானாகக் கழன்று விழுகிறதா என்று பாருங்கள். மெயின் லைன் வால்வைத் திறந்த நிலையில் பூட்டிவிடுங்கள். வருடம் ஒரு முறை எல்லா அளவையும் மறுபடி எடுங்கள்.

கழுவிய தண்ணீர் மழைநீர்க் கால்வாய்க்குப் போகக்கூடாது, ஈடிபிக்குத்தான் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) போக வேண்டும்.

வந்த கேள்விகளுக்காகச் சேர்த்தது

“15 நிமிடம் எதற்கு, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினால் என்ன?” என்று சிலர் கேட்டார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டினால் எழும்பூர் கண் ஆஸ்பத்திரி எப்போது வரும்? காஸ்டிக் அதுவரை காத்திருக்காது, உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் முழுதாகக் கழுவுங்கள், அதற்குள் இன்னொருவர் வண்டி ஏற்பாடு செய்யட்டும்.

பெண்கள் வேலை செய்யும் இடங்களிலிருந்து வந்த யோசனை: ஷவரைச் சுற்றி இழுத்துவிடும் திரை. ஆசிட் ஊறிய துணியைக் கழற்றாமல் நனைவதில் பலன் பாதிதான். திரை இருந்தால் யாரும் தயங்க மாட்டார்கள். எங்கள் யூனிட்டிலும் போட்டுவிட்டோம். போர்டில் தமிழோடு இந்தி, ஒடியாவும் எழுதுங்கள்.

ஐவாஷ் பாட்டில் மட்டும் போதுமா? போதாது. ஷவர்வரை நடந்து போகும் நேரத்துக்குத்தான் அது உதவும். வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பார்த்து மாற்றிக்கொண்டே இருங்கள்.