ஒரே கியர் போதும்: டெல்டா சாலைக்குச் சிக்கனமாக ஒரு ஃபிக்ஸட் டைம் டிரையல் சைக்கிள்

கல்லணைக்குக் கிழக்கே கடல் வரைக்கும் ஏற்றம் என்று சொல்ல ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான் உண்டு. இந்தத் தரையில் கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓட்டுபவருக்குக் கியர் மாற்றும் சாமான் தேவையில்லை. பெடலும் பின் சக்கரமும் ஒன்றாகவே சுற்றும் ஃபிக்ஸட் கியரே போதும். சாமான் குறைந்தால் செலவும் குறையும். ஆனால் பின் ஹப்பிலும் (சக்கரத்தின் நடுவில் ஆக்சில் போகும் உருளை) முன் பிரேக்கிலும் மட்டும் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது. மற்றதெல்லாம் பழையதாக இருந்தாலும் பாதகமில்லை.

பிரேம்

பழைய இரும்புக் கடையிலோ சைக்கிள் கடைப் பரணிலோ கிடக்கும் இரும்பு பிரேமே நல்லது. முதலில் பார்க்க வேண்டியது பின் ஆக்சில் உட்காரும் வெட்டு. அது படுக்கை வாட்டில் நீளமாக இருந்தால்தான் சக்கரத்தை முன்பின் நகர்த்திச் செயினை இறுக்க முடியும். நேர் கீழ்நோக்கிய வெட்டு என்றால் அந்த பிரேம் வேண்டாம். ஸ்பிரிங் வைத்த செயின் டென்ஷனர் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபிக்ஸடில் பெடலைப் பின்னுக்கு அழுத்தும்போது விசை முழுதும் கீழ்ச் செயினில் வரும்; டென்ஷனர் உடைந்துவிடும்.

அடுத்து, கொத்தனார் நூல் பிடிப்பதுபோல் நூல் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்க ஆக்சில் வெட்டில் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் டியூபை (ஹேண்டில் பார் இறங்கும் குழாய்) சுற்றி மறுபக்க வெட்டுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் (சீட் கம்பி இறங்கும் குழாய்) நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரேம் கோணியிருக்கிறது. ஹெட் டியூபுக்குப் பின்னால், கீழ்க் குழாயின் அடியில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் எங்கோ மோதிய வண்டி. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டியானால் சீட் கம்பி அசைகிறதா என்று பாருங்கள். உப்புக் காற்றில் இறுகிப்போன அலுமினியக் கம்பியை எடுப்பதற்குள் பிரேமே போய்விடும்.

ஃபிக்ஸடுக்கென்றே உள்ள டிராக் ஹப்பின் அகலம் 120 மி.மீ. பழைய கியர் வண்டி பிரேம்களில் 126 அல்லது 130 மி.மீ. இடைவெளி இருக்கும். பக்கத்துக்கு 3 அல்லது 5 மி.மீ. கனத்தில், 10 மி.மீ. துளையோடு இரும்பு வளையங்களை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினால் சரியாகிவிடும். ரோட்ஸ்டர் (ஊரில் ஓடும் சாதாரண கனத்த சைக்கிள்) பிரேமில் இடைவெளி பெரும்பாலும் 120க்குக் குறைவு. இரும்பு என்பதால் பக்கத்துக்குச் சில மி.மீ. விரிக்கலாம். அலுமினிய பிரேமை விரிக்கவே கூடாது, விரிசல் விடும்.

பின் ஹப்: உயிர் இருக்கும் இடம்

சாதாரண பிரீவீல் ஹப்பில் பிரீவீலைக் கழற்றிவிட்டு நிலைப் பல்சக்கரம் ஒன்றைத் திருகிவிட்டால் ஃபிக்ஸட் ஆகிவிடும் என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் யோசனை. மரை பொருந்தும், வண்டியும் ஓடும். ஆனால் வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் பல்சக்கரம் மரையிலிருந்து கழலத் தொடங்கும். வெல்டிங்கும் பசையும் இதற்குத் தீர்வல்ல. உண்மையான டிராக் ஹப்பில் இரண்டு மரைகள் இருக்கும். பல்சக்கரத்துக்குப் பெரிய வலது மரை. அதற்கு வெளியே, சற்றுச் சிறிய இடது மரையில் லாக்ரிங் என்ற பூட்டு வளையம். பல்சக்கரம் கழலப் பார்த்தால் லாக்ரிங் இன்னும் இறுகும். இந்தப் பூட்டு இல்லாத ஹப்பில் ஏறாதீர்கள்.

ஹப் வாங்கும் முன் ரிம்மில் துளை எண்ணுங்கள். நம் ரோட்ஸ்டரில் முன்னே 32, பின்னே 40. டிராக் ஹப் பெரும்பாலும் 32 அல்லது 36 துளை. ஆகவே ரோட்ஸ்டரின் பின் ரிம் இதற்கு உதவாது. 700சி (ரேஸ் சைக்கிள் அளவு) அலுமினிய ரிம்மாக வாங்கிப் போக்ஸ் கட்டுவதே நல்லது.

பல்சக்கர மரையில் கிரீஸ் தடவி, கையால் திருகி உட்காரவைத்து, பிறகு செயின் சாட்டையால் இறுக்குங்கள். ஒரு அடி நீளப் பட்டை இரும்பில் பழைய செயின் துண்டு ஒன்றை ரிவெட் அடித்தால் அதுவே சாட்டை. லாக்ரிங்கைக் கொக்கி ஸ்பேனரால், வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுக்க வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டினால் லாக்ரிங்கின் வெட்டுகள் மழுங்கும். அடுத்த முறை ஸ்பேனர் பிடிக்காது.

செயின் நேர்கோடு

செயின் வீலும் பின் பல்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். டிராக் ஹப்பில் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து பல்லின் நடு வரை 42 மி.மீ. முன்னாலும் அதே 42 வர வேண்டும். சீட் டியூப் 28.6 மி.மீ. தடிமன் என்றால் குழாயின் வெளிப்பக்கத்திலிருந்து செயின் வீல் பல்லின் நடு வரை ஏறக்குறைய 27.7 மி.மீ. ஸ்கேலை வைத்தே அளந்துவிடலாம். 1 மி.மீ. தவறினால் சத்தம் வரும், அவ்வளவுதான். 3, 4 மி.மீ. தவறினால் செயின் கழன்று சக்கரத்தில் சிக்கும். ஃபிக்ஸடில் அப்படிச் சிக்கினால் பின் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். திருத்த வேண்டுமானால் பாட்டம் பிராக்கெட் ஆக்சிலை (பெடல் கைகள் மாட்டும் நடு அச்சு) மாற்றுங்கள்: 110க்குப் பதில் 113 மி.மீ. போட்டால் செயின் வீல் 1.5 மி.மீ. வெளியே வரும்.

காட்டர் பின் என்ற ஆப்பு ஆணியால் மாட்டும் கிராங்க் (பெடல் கை) வேண்டாம். முன்னும் பின்னும் விசை மாறி மாறி விழுவதால் அந்த ஆணி சீக்கிரம் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். கிராங்க் நீளம் 165 மி.மீ. இருந்தால் திருப்பத்தில் பெடல் தரையில் இடிப்பது குறையும். ஃபிக்ஸடில் பெடலை மேலே தூக்கி நிறுத்திவைக்க முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

செயின் அரை அங்குல பிட்ச், எட்டில் ஒரு பங்கு அங்குல அகலம். கிராங்கை மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் மிக இறுக்கமாக நிற்கும். அந்த நிலையில் செயினின் நடுவே விரலால் தூக்கி இறக்கினால் மொத்தம் 1 செ.மீ. ஆட வேண்டும். அதற்கேற்பச் சக்கரத்தை நகர்த்தி, 15 மி.மீ. ஸ்பேனரால் நட்டை முறுக்குங்கள். ஒரு அடி நீள ஸ்பேனரின் முனையில் 12 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு அழுத்தம் போதும்.

கியர்: ஆடிக் காற்றுக்குக் கணக்குப் போடுங்கள்

புதிதாகக் கட்டுபவர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். காற்றில்லாத நாளை நினைத்துப் பெரிய கியர் போட்டுவிடுவார்கள். 700×25 டயரில் 48/16 (முன்னே 48 பல், பின்னே 16) போட்டால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 6.31 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்றில் மணிக்கு 34 கி.மீ. ஆனால் ஆடியில் மேல்காற்றை எதிர்த்து மேற்கே போகும்போது வேகம் 26க்கு இறங்கினால் சுற்று 69 ஆகும், முழங்கால் வலிக்கும். திரும்பி வரும்போது 42 கி.மீ. வேகத்தில் 111 சுற்று. 46/17 போட்டால் ஒரு சுற்றுக்கு 5.70 மீட்டர், அதே பயணத்தில் 76, 123. எதிர்க்காற்றில் காலுக்குச் சுகம், ஆனால் பின்காற்றில் 123 சுற்றுக்குப் பழகிய கால் வேண்டும். தொடங்குபவருக்கு இரண்டுக்கும் நடுவே 46/16 பொருந்தும். 17 பல் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் மாறினால் ஆக்சில் சுமார் 3 மி.மீ. மட்டுமே நகரும், அதே செயினே போதும்.

வேகத்துக்கு மிகப் பெரிய கியர் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1956இல் ரே பூட்டி என்ற சைக்கிள் வீரர் 100 மைல் டைம் டிரையலை 3 மணி 58 நிமிடம் 28 விநாடியில் முடித்தது 84 அங்குல ஃபிக்ஸட் கியரில்தான். அதாவது சுற்றுக்கு 6.7 மீட்டர். கணக்குப் போட்டால் நான்கு மணி நேரமும் நிமிடத்துக்குச் சராசரி 100 சுற்று.

பிரேக், ஹேண்டில் பார், டயர்

முன் பிரேக் கட்டாயம். 26×1⅜ வண்டியில் (ரிம் விட்டம் 590 மி.மீ.) 700சி சக்கரம் (622) போட்டால் ரிம் விளிம்பு 16 மி.மீ. மேலே ஏறும், 28×1½இலிருந்து (635) மாறினால் 6.5 மி.மீ. கீழே இறங்கும். பிரேக் கட்டை ரிம்மைத் தொடுகிறதா, டயருக்கு இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் ஐப்பசி மழையில் பிரேக் பிடிக்காது.

காற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு வண்டியல்ல, உடம்பு. ஆகவே விலையுயர்ந்த சக்கரத்தைவிடத் தாழ்ந்த ஹேண்டில் பார் மேல். பழைய டிராப் பாரின் கீழ்ப் பிடிகளை அறுத்துவிட்டுக் கவிழ்த்தால் கொம்பு பார் கிடைக்கும். அறுத்த முனைகளைத் தக்கையால் அடையுங்கள். விழுந்தால் திறந்த குழாய் தொடையில் இறங்கும். பார் 26.0 மி.மீ., அதைப் பிடிக்கும் ஸ்டெம் 25.4 என்று கலந்துவிடாதீர்கள், எவ்வளவு முறுக்கினாலும் சரியாகப் பிடிக்காது. பெடலில் பாதத்தைப் பிடிக்கும் கிளிப்பும் வாரும் வேண்டும்.

டயர் 25 அல்லது 28 மி.மீ. அகலம். சீமைக்கருவேல் முள் சிதறிய ஆற்றங்கரைச் சாலையில் மெல்லிய ரேஸ் டயர் ஒரு வாரம் தாங்காது. அடியில் பாதுகாப்புப் பட்டை உள்ளதாக வாங்குங்கள்.

முதல் நாள்

போக்குவரத்து இல்லாத சாலையில் 10 கி.மீ. மிதித்துவிட்டு வாருங்கள். மிதிக்கும் விசையில் பல்சக்கரம் இன்னும் உள்ளே இறுகியிருக்கும், லாக்ரிங் தளர்ந்திருக்கும். அதை மறுபடி இறுக்கிய பிறகுதான் வேகமாக ஓட்டலாம்.

அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் காயும். அதன்மேல் ஓட்டவே கூடாது. நெல்மணி சறுக்கும், வைக்கோல் செயினோடு போய்ப் பல்சக்கரத்தில் சுருளும், நீங்கள் மிதிப்பதை விட்டாலும் சுற்றல் நிற்காது. சிக்கிவிட்டால் வண்டியை முழுதாக நிறுத்தி இறங்கிய பிறகே எடுங்கள். செயின் துடைக்கும்போதும் அப்படித்தான்: பின் சக்கரத்தைச் சுழலவிட்டுத் துணியைப் பிடித்தால் துணியோடு விரலும் பல்லுக்குள் போகும், விரலே துண்டாகலாம். சக்கரம் நின்றிருக்கும்போது ஒரு சாண் துடைத்து, கையை எடுத்துவிட்டு, கிராங்கைச் சற்றுத் திருப்பி நிறுத்தி, அடுத்த சாண் துடைக்க வேண்டும்.