பாலைவனத் தேளை வீட்டில் வளர்ப்பது எப்படி?

தேள் வளர்க்க ஆசைப்படுகிறவர், தொட்டியும் மணலும் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது எந்தத் தேள் என்பதைத்தான். எல்லாத் தேளுக்கும் நஞ்சு உண்டு. ஆனால் ஒன்று கொட்டினால் தேனீ கொட்டிய வலியோடு போய்விடும், இன்னொன்று கொட்டினால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். நான் வசிக்கும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் சொனோரன் பாலைவனத்தில் இவ்விரண்டு வகையும் இருக்கின்றன. வட அமெரிக்கத் தேள்களிலேயே பெரியதும், ஏறத்தாழ 14 செ.மீ. வரை வளரக்கூடியதுமான பாலைவன உரோமத் தேள், அதாவது ஹாட்ருரஸ் அரிசோனென்சிஸ், பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும் தோற்றம் கொண்டது. அதன் நஞ்சோ வீரியம் குறைந்தது. எட்டு செ.மீ. நீளத்தைத் தாண்டாத, வைக்கோல் நிறமுள்ள மரப்பட்டைத் தேளைக் கண்டால் யாரும் பெரிதாக அஞ்சமாட்டார்கள்; இந்நாட்டின் தேள்களில் மிகக் கொடிய நஞ்சு அதனுடையதுதான்.

வால் பருத்து, இடுக்கிக் கைகள் மெலிந்திருந்தால் நஞ்சு கடுமையானது என்றொரு பொதுவிதியைத் தேள் வளர்ப்போர் சொல்வதுண்டு. பெரும்பாலும் அது சரியே. ஆயினும் ஈரானின் கூசெஸ்தான் பகுதியில் வாழும் ஹெமிஸ்கார்ப்பியஸ் லெப்டுரஸ் என்னும் தேளின் வால் மெலிந்தது. அது கொட்டும்போது வலிகூடப் பெரிதாகத் தெரியாது. பிறகு இரத்த அணுக்களைச் சிதைத்து ஆளையே கொன்றுவிடக்கூடியது. ஆகவே கண்ணால் அளந்து முடிவு செய்யாமல், இனத்தின் அறிவியல் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெயர் தெரியாத தேளை விற்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: இது கொட்டினால் என் ஊர் மருத்துவமனையில் மருந்து இருக்குமா? மரப்பட்டைத் தேளுக்கான அனஸ்கார்ப் என்னும் நச்சுமுறி மருந்துக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. அது அந்தப் பேரினத் தேள்களுக்காகச் செய்யப்பட்டது. வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் டெத்ஸ்டாக்கர் தேளை ஆர்வத்தின் பேரில் இங்கே தருவித்து வளர்ப்பவரை அது கொட்டினால், பக்கத்து மருத்துவமனையில் அதற்கான நச்சுமுறி இருக்காது. சிகிச்சையும் இனத்துக்கு இனம் மாறுகிறது. நம் நாட்டுச் செந்தேள் கொட்டியவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் கொடுத்துப் பயன் கண்டது பிரசோசின் என்னும் இரத்த அழுத்த மாத்திரை. எனவே முதல்முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது உரோமத் தேள் மட்டுமே, அதிலும் முழு வளர்ச்சி அடைந்த ஒன்று. இதன் குஞ்சுகள் தொட்டியில் தோலுரிக்கும்போது பாதியில் சிக்கி இறந்துபோவது வெகு சாதாரணம். வளர்ந்த தேளுக்குத் தோலுரிக்கும் வேலையே இல்லை.

ஒரு தொட்டியில் ஒரு தேள்தான் இருக்க வேண்டும்; இரண்டை விட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். இருபது முதல் நாற்பது லிட்டர் கொள்ளளவுள்ள கண்ணாடித் தொட்டி போதுமானது, ஆனால் மூடி பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். வெறும் மணலை நிரப்புவதுதான் பலரும் செய்யும் தவறு. உரோமத் தேள் வளை தோண்டி வாழ்வது. உலர்ந்த மணலில் தோண்டிய வளை தோண்டத் தோண்டச் சரிந்துவிடும். நான் நான்கு பங்கு மணலுக்கு ஒரு பங்கு களிமண் தூளைக் கலந்து, கடற்கரையில் மணற்கோவில் கட்டும் பக்குவத்துக்கு நீர் தெளித்துப் பிசைந்து, குறைந்தது 15 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி நிரப்புகிறேன். ஈரம் காய்வதற்குள் ஒரு மூலையில் கட்டைவிரல் பருமனுள்ள குச்சியைச் சாய்வாகச் செருகி எடுத்தால் வளைக்கு வாசல் கிடைத்துவிடும். மீதியைத் தேளே தோண்டிக்கொள்ளும். இந்த மண் நன்றாகக் காய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், அதுவரை தேளை உள்ளே விடக் கூடாது. கல் வைப்பதானால் தொட்டியின் அடித்தளத்தின் மீதே வைத்துவிட்டுச் சுற்றிலும் மண்ணை நிரப்புங்கள். மண்ணின் மேல் வைத்த கல், அடியில் தேள் தோண்டும்போது அதன் மீதே இறங்கி நசுக்கிவிடும்.

பகலில் 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பமும், இரவில் அதைவிடச் சில டிகிரி குறைவும் இதற்கு ஏற்றவை. சூடு தரும் விரிப்பான ஹீட் மேட்டைத் தொட்டிக்கு அடியில் விரிக்காமல் பக்கவாட்டுச் சுவரில் ஒட்டி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணைக்க வேண்டும். பாலைவனத்தில் சூடு மேலிருந்து வருவது. சூடு தாங்காத தேள் கீழ்நோக்கித் தோண்டித் தப்பிக்கும். அடியிலேயே சூட்டை வைத்தால், தப்பிக்கத் தோண்டும் தேள் அடுப்புக்குள் போய் விழுந்தது போலாகிவிடும்.

பாலைவனத் தேளைக் கொல்வது வறட்சியைவிட ஈரமே என்பது என் அனுபவம். மண் தொடர்ந்து ஈரமாக இருந்தால் மூட்டுகளிலும் வயிற்றுப் புறத்திலும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படரும். சோடா பாட்டில் மூடியில் இரண்டு கூழாங்கற்களைப் போட்டுச் சிறிதளவு நீர் வைத்தால் போதும்.

உணவுக்குப் பத்து நாளுக்கு ஒரு சுவர்க்கோழிப் பூச்சியோ, இரைக்கென வளர்த்த கரப்பானோ கொடுக்கலாம். பூச்சிமருந்து பட்டிருக்கக்கூடிய வீட்டுக் கரப்பானைப் போடவே கூடாது. விளக்கை அணைத்துவிட்டுப் பூச்சியை விட்டால் வேடிக்கையைப் பார்க்கலாம். தேளுக்குப் பல கண்கள் இருந்தும் பார்வை மங்கல்தான். இடுக்கிக் கைகளில் உள்ள நுண்மயிர்கள் காற்றின் அசைவை உணர்ந்து சொல்ல, அசையாமல் நின்ற தேள் சட்டென்று திரும்பிப் பூச்சியைப் பற்றிவிடும். வயிற்றின் மேல் தகடுகளுக்கும் கீழ்த் தகடுகளுக்கும் இடையிலுள்ள வெளிறிய சவ்வு அகன்று தெரிந்தால் அது நன்றாகத் தின்றிருக்கிறது என்று பொருள். அப்போது சில வாரம் பட்டினி போட்டாலும் குற்றமில்லை. தின்னாமல் விட்ட பூச்சியை மறுநாளே எடுத்துவிட வேண்டும்.

கையில் எடுத்து விளையாடுவதற்கு உரியது அல்ல தேள். இடம் மாற்ற வேண்டுமானால் ஒளி ஊடுருவும் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையைச் செருகி எடுங்கள்; குப்பை எடுக்க 30 செ.மீ. நீளக் குறடு வேண்டும். அதைவிட முக்கியமானது, தேள் எங்கே இருக்கிறது என்று கண்ணால் காணாமல் மூடியைத் திறக்கக் கூடாது. முதல் ஆண்டில் நான் அழகுக்காகத் தக்கைமரப் பட்டை ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். வழவழப்பான கண்ணாடியில் இந்தத் தேள் ஏறாது என்ற தைரியத்தில் ஓர் இரவு மூடியைத் தூக்கியபோது, அது பட்டையில் ஏறி, மூடியின் வலையை உள்பக்கமாகப் பற்றி, என் விரலுக்கு இரண்டு அங்குலத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூடியை மெல்ல மீண்டும் வைத்துவிட்டேன். பட்டை மறுநாள் குப்பைக்குப் போயிற்று. இப்போது புற ஊதா டார்ச் இல்லாமல் தொட்டியை நெருங்குவதில்லை. அந்த ஒளி பட்டதும் தேளின் மேலோடு நீலப்பச்சையாக ஒளிரும். அது மண்ணின் மேல் எங்கிருந்தாலும் நொடியில் கண்டுவிடலாம். புதிதாகத் தோலுரித்த தேள் மட்டும் ஒளிராது என்பதைக் குஞ்சு வளர்ப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கொட்டிவிட்டால், சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, இங்குள்ள நச்சுத் தகவல் மையத்தை 1-800-222-1222 என்ற எண்ணில் அழையுங்கள். மூச்சுத் திணறினாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ உடனே 911 என்ற அவசர உதவி எண். வீட்டு உரிமையாளருக்குத் தெரியாமல் வளர்ப்பவர்கள் திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயைத் திறக்காமல் இருந்துவிடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். வாடகை ஒப்பந்தத்தையும் மாநில விதிகளையும் முன்கூட்டியே பார்த்துவிட்டால் அந்த நிலை வராது. தொட்டியின் முகப்பில் இனத்தின் அறிவியல் பெயரையும் நச்சுத் தகவல் மையத்தின் எண்ணையும் எழுதி ஒட்டிவையுங்கள். அவசரத்தில் வருபவர் உங்களிடம் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது.

ஊருக்குப் போகும் மாதத்தில் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து இரை போடச் சொல்ல வேண்டாம். நான்கு வாரப் பட்டினி வளர்ந்த தேளுக்குப் பொருட்டே அல்ல. கிளம்புவதற்குச் சில நாள் முன்பு இரை போட்டு, மிச்சத்தை அகற்றி, தண்ணீரை நிரப்பி, தெர்மோஸ்டாட்டைச் சரிபார்த்து, பூட்டிய சாவியை உங்களுடனேயே எடுத்துச் செல்லுங்கள்.