கூரையைப் பிரிக்கும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடு இரட்டை வீடு. நடுவில் ஒரே சுவர், மேலே இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கூரை. இனத்துக்கு ஒரு பகுதி என்று மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி டர்பனின் பல மூலைகளிலிருந்தும் இந்தியர்களைக் கிளப்பி இங்கே இறக்கிய 1960களில் இப்படித்தான் வரிசையாகக் கட்டினார்கள். பல வீடுகளுக்கு மேலே போட்டது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

எங்கள் பாதியை மட்டும் மாற்றினோம். விலை குறைவாகச் சொன்னவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு நான் ஆபீஸுக்குப் போய்விட்டேன். மத்தியானம் வந்து பார்த்தால், நடுச்சுவருக்கு நேர் மேலே ஒரு பையன் உட்கார்ந்து கிரைண்டரால் ஷீட்டை அறுத்துக்கொண்டிருக்கிறான். முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. பக்கத்து வீட்டு அக்கா காயப்போட்ட துணி, எங்கள் கறிவேப்பிலை மரம், எல்லாவற்றின் மேலும் கோலமாவு தூவினாற்போல வெள்ளைத் தூசி.

செய்யக்கூடாத தவறுகளில் முதல் இடம் இதற்குத்தான். உடையாமல் கூரையில் கிடக்கிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பெரிதாக ஒன்றும் செய்யாது. அறுத்தால், துளைத்தால், உடைத்தால், சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். மீசோதீலியோமா என்கிற புற்றுநோய் வெளியே தெரிய 20, 30, 40 வருஷம்கூட ஆகலாம். இதை உலகுக்கு அழுத்தமாகக் காட்டியதே இந்த நாடுதான். வட கேப் பகுதியில் நீல ஆஸ்பெஸ்டாஸ் தோண்டிய இடங்களைச் சேர்ந்த நோயாளிகளைப் பற்றி 1960இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் சுரங்கத்தில் வேலையே செய்யாமல் பக்கத்தில் குடியிருந்தவர்களும் உண்டு. ஆனாலும் தடை வர 2008 ஆயிற்று. தடை புதிதாகச் செய்வதற்கும் விற்பதற்கும்தான். தலைக்கு மேல் ஏற்கெனவே இருப்பது அப்படியே இருக்கிறது.

ஆகவே ஷீட்டைக் கழற்றுவது சாதாரணக் கூரை ஆளின் வேலை அல்ல. 2020 விதிகள்படி இதற்கென்று தொழிலாளர் துறையில் பதிவு செய்த ஒப்பந்தக்காரர் வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தெரிந்த ஆள் ஷீட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுதாக இறக்கி, இரட்டை பிளாஸ்டிக்கில் சுற்றி, அபாயக் கழிவை ஏற்கும் குப்பைக் கிடங்குக்கு அனுப்புவார். மேலே இருந்து கீழே வீசுகிறவரை அப்போதே நிறுத்துங்கள். பழைய ஷீட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று பிரஷர் வாஷரால் பாசியைத் தேய்ப்பதும் அதே தப்புதான். அப்புறம், ஆஸ்பெஸ்டாஸா இல்லையா என்று பார்வையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பின்னால் வந்த ஃபைபர் சிமென்ட் ஷீட்டும் பார்க்க அதே மாதிரி இருக்கும். ஒரு துண்டு ஆய்வகத்துக்குப் போனால்தான் உறுதி.

எங்கள் வீட்டில் அந்தப் பையன் ஏன் அறுத்தான்? ஷீட் நடுச்சுவரைத் தாண்டி அக்கா வீட்டுப் பக்கம் போயிருந்தது. அறுக்காமல் எடுக்க வேண்டுமானால் அவர்கள் பக்கத்து ஷீட்டையும் ஒரு வரிசை கழற்ற வேண்டும். அதற்கு அவர்கள் சம்மதம் வேண்டும். நான் போய்க் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இரண்டு பாதியையும் சேர்த்தே மாற்றியிருக்கலாம், ஷீட் கழற்றும் செலவையும் பகிர்ந்திருக்கலாம். பாதிதான் முடியும் என்றால் நடுச்சுவரைக் கூரைக்கு மேல் ஒன்றிரண்டு வரி செங்கல் உயர்த்தி, இரு பக்கமும் இணைப்பில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ஃப்ளாஷிங் தகடு போட்டு முடியுங்கள். பழைய ஷீட்டையும் புது ஷீட்டையும் சிலிக்கான் பசையால் ஒட்டிய எங்கள் இணைப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

அடுத்தது ஓடு போடும் ஆசை. கான்கிரீட் ஓடு அழகுதான். ஆனால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. இரும்பு ஷீட் 5 கிலோ சொச்சம். 70 சதுர மீட்டர் கூரையில் ஓடு போட்டால் மூன்றரை டன். லேசான ஷீட்டைத் தாங்க அடித்த அந்தக் காலத்து மரச்சட்டம் இதைச் சுமக்குமா என்று இன்ஜினீயர்தான் சொல்ல வேண்டும். மாநகராட்சியில் பிளானும் போட வேண்டியிருக்கும். ஷீட்டே போடுவதானாலும் மரம் கறையான் அரித்திருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்.

ஷீட் வாங்கும்போது கடல் எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். டர்பனில் கடலை ஒட்டிய மெர்பேங்க், இசிப்பிங்கோ பக்கமெல்லாம் உப்புக்காற்று. சாதாரண துத்தநாகப் பூச்சு சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசி, மேலே நிறம் அடித்த ஷீட் கூடுதல் விலை, ஆனால் தாங்கும். ஸ்க்ரூவும் கடலோரத்துக்கானதாக இருக்கட்டும். அது ஷீட்டின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கவும் கூடாது. சோலார் கீசரின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் ஷீட்டில் ஓடினாலும் அரித்துவிடும். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை, மூன்று வருஷத்தில் ஷீட்டே சொல்லிற்று.

காலம் முக்கியம். டர்பனில் மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஏப்ரலையும் நம்ப முடியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். கோயில்களில் கூழ் ஊற்றுகிற ஆடிதான் காய்ந்த காலம். “ஆடியில் வீட்டு வேலை தொடங்கலாமா?” என்று அத்தை கேட்டார். புதுமனை புகவில்லையே அத்தை, கூரைதானே மாற்றுகிறோம் என்றேன். எந்த மாதமானாலும் ஒரே நாளில் மூட முடிகிற அளவுக்கு மட்டும் திறக்கச் சொல்லுங்கள்.

பணத்தை மொத்தமாக முன்னாலேயே கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸ்காரருக்கு வேலை தொடங்கும் முன்பே எழுதித் தெரிவியுங்கள்.

கழற்றிய ஷீட்டைக் கேட்டு ஆள் வரும். எங்களிடம் தெருக்கோடி அண்ணன் வந்தார், கோழிக்கூண்டுக்கு நாலு ஷீட் போதுமாம். கொடுக்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பழைய தகரத் தொட்டியை, அதாவது கட்டரை (gutter), கொடுத்து அனுப்பினேன். இப்போது அதில் கொத்தமல்லி வளர்க்கிறார்.