பனிச்சறுக்கு பூட்ஸில் விரல் மரத்துப்போவது: எனக்குத் தீர்ந்த விதம்

பிரான்ஸின் கிரனோபிள் நகரில் படிக்கும்போது வார இறுதிகளில் ஷாம்ரூஸ் மலைக்குப் பஸ்ஸில் போய்விடுவோம். 1968 குளிர்கால ஒலிம்பிக்கின் ஆல்பைன் பந்தயங்கள், அதாவது மலைச்சரிவில் சறுக்கி இறங்கும் போட்டிகள், நடந்த இடம் அது. ஆனால் கொஞ்ச நேரம் சறுக்குவதற்குள் எனக்குக் கால்விரல்கள் மரத்துவிடும். முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பில் கோடு போட்டதுபோல் ஒரு வலி வேறு.

குளிர்தான் காரணம் என்றார்கள். சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டேன், மரப்பு இன்னும் சீக்கிரம் வந்தது. சூடு தரும் பொட்டலங்களும் உதவவில்லை. வாடகைக் கடையில் பெரிய பூட்ஸ் மாற்றித் தந்தார்கள். அதில் குதிகால் எழும்பியது. அதை அடக்கப் பக்கிளை இறுக்கினால் பாதத்தின் மேல்பக்கம் நசுங்கியது.

கடைசியில் வேறொரு கடையில் ஒரு பெண்மணி பாதத்தை அளந்து பார்த்தார். இந்த பூட்ஸின் எண், பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். எனக்கு 26.5, காலில் இருந்ததோ 28. சரியான அளவில், நேராக நின்றால் பெருவிரல் முன்னால் லேசாக இடிக்கும். முழங்காலை மடக்கியதும் பின்வாங்கிவிடும். நின்றபடியே போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது சின்னதாகத்தான் தோன்றும்.

அப்புறம் அந்தக் கோடு. தெர்மல் பேன்ட்டின் கீழ்ப்பட்டி பூட்ஸுக்குள் மடிந்து, அதன் தையல் எலும்பில் அழுத்தியிருக்கிறது! பட்டியை விளிம்புக்கு மேலே ஏற்றிவிட்டு, உள்ளே ஒரே ஒரு மெல்லிய நீள சாக்ஸ் மட்டும் விட்டேன். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளிய பிறகே பக்கிள். அன்று மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் மூடும்வரை சறுக்கினேன், பெரிய நிம்மதி.