டிஸ்க் தானே வந்து உட்காரட்டும்

லினக்ஸில் எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் வந்து சேர வேண்டும் என்று எழுதி வைக்கும் ஃபைல் எஃப்எஸ்டேப். அதில் பேக்கப் டிஸ்க்குக்கு ‘எஸ்டிபி1’ என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு நாள் பென்டிரைவைப் பிடுங்க மறந்து மெஷினை ரீஸ்டார்ட் செய்தேன். அன்றைக்கு கர்னல் (லினக்ஸின் மைய நிரல்) கண்ணில் முதலில் பட்டது பென்டிரைவ். அதுவே எஸ்டிபி ஆகிவிட்டது, பேக்கப் டிஸ்க் எஸ்டிசிக்குத் தள்ளப்பட்டது. எக்ஸ்ட்4 (லினக்ஸ் ஃபைல்களை அடுக்கும் முறை, அதாவது ஃபைல் சிஸ்டம்) என்று நான் எழுதியிருந்த இடத்தில் பென்டிரைவின் ஃபேட் பார்ட்டிஷன் வந்து நின்றதால் மவுண்ட் (டிஸ்க்கை ஒரு ஃபோல்டரோடு இணைப்பது) தோற்றது, பூட் பாதியில் நின்றது. கறுப்புத் திரையில் ‘எமர்ஜென்சி மோட்’, கீழே ரூட் யூசரின் (நிர்வாகியின்) பாஸ்வேர்ட் கேட்கும் ஒரு வரி.

எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் டிஸ்க்கின் பெயரே இல்லை, வரிசையில் நிற்கும்போது கொடுக்கிற டோக்கன். நாளைக்கு வேறு எண் வரலாம். லினக்ஸில் பார்ட்டிஷன்கள் பூட்டிலேயே தானாக மவுண்ட் ஆக இரண்டு வழி வைத்திருக்கிறேன். ரூட் பார்ட்டிஷன் (லினக்ஸே இருக்கிற இடம்) உள்ள டிஸ்க்கில் இருப்பவற்றை, பூட்டை நடத்தும் சிஸ்டம்டியே கண்டுபிடித்துக்கொள்ளும். மற்ற டிஸ்க்குகளை நானே யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) போட்டு எழுதிவிடுவேன். இரண்டையும் சொல்கிறேன். கமாண்டுகளை உச்சரிக்கிற மாதிரி எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். எஃப்எஸ்டேப்புக்குள் வரும் ‘யூயூஐடி’ மட்டும் பெரிய எழுத்தில்.

எழுதுகிற வழியை முதலில் பார்த்துவிடலாம். டெர்மினலில் ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ அடித்தால் எந்த டிஸ்க்கில் எந்த பார்ட்டிஷன், என்ன ஃபைல் சிஸ்டம், அதன் யூயூஐடி என்ன என்று மரம் மாதிரி விரித்துக் காட்டும். எக்ஸ்ட்4 என்றால் நடுவில் 4 கோடுகளோடு 36 எழுத்து. ஃபேட் என்றால் 8 எழுத்தும் ஒரு கோடும்தான், குட்டையாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இந்த எண் ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் டிஸ்க்கை எந்த போர்ட்டில் செருகினாலும் மாறாது. ஃபார்மேட் செய்தால் மாறும்.

பார்த்து டைப் அடிக்காதீர்கள், காப்பி செய்து ஒட்டுங்கள். அப்புறம் எட்ஸி (ஈ, டி, சி என்ற மூன்று எழுத்து) ஃபோல்டரில் இருக்கும் எஃப்எஸ்டேப்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, சூடோ (நிர்வாகி உரிமை தரும் கமாண்ட்) போட்டுத் திறந்து, கடைசியில் ஒரே வரி:

யூயூஐடி=(ஒட்டிய எண்) /பேக்கப் எக்ஸ்ட்4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

எது, எங்கே, என்ன ஃபைல் சிஸ்டம், என்ன ஆப்ஷன் என்பவை முதல் நான்கு. ஐந்தாவது டம்ப் என்ற பழைய பேக்கப் கருவிக்கானது, 0 போட்டுவிட்டு மறந்துவிடலாம். ஆறாவது பூட்டில் ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் வரிசை: ரூட்டுக்கு 1, மற்றவைக்கு 2, சோதனையே வேண்டாம் என்றால் 0. ‘/பேக்கப்’ என்ற ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கி வைப்பது நல்லது.

இந்த வரியில் எனக்குப் பிடித்த சொல் நோஃபெயில். இது இல்லாமல் டிஸ்க் கழற்றப்பட்டிருந்தால் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்து பார்க்கும், பிறகு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். நோஃபெயில் போட்டால் டிஸ்க் வந்தால் சரி, வராவிட்டாலும் பூட் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். ரூட் தவிர வேறு எந்த டிஸ்க்காக இருந்தாலும் யோசிக்காமல் போட்டுவிடுவேன்.

சேவ் செய்தவுடன் ரீஸ்டார்ட் செய்து பார்க்கத் தோன்றும். வேண்டாம். முதலில் ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’. எழுத்துப்பிழை, இல்லாத ஃபோல்டர், தப்பான யூயூஐடி எல்லாவற்றையும் இதுவே சொல்லிவிடும். அடுத்து ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’. எஃப்எஸ்டேப்பின் ஒவ்வொரு வரியையும் சிஸ்டம்டி ஒரு மவுண்ட் யூனிட்டாக மாற்றி வைத்திருக்கும். ரீலோட் செய்யாவிட்டால் பழைய யூனிட்டையே பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியாக ‘மவுண்ட் -ஏ’. மூன்றும் முணுமுணுக்காமல் முடிந்தால் தைரியமாக ரீஸ்டார்ட் செய்யலாம்.

நோஃபெயிலுக்கும் ஒரு விலை உண்டு, அதையும் நான் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். பேக்கப் டிஸ்க்கின் கேபிள் தளர்ந்திருந்தது. மெஷின் சமர்த்தாக பூட் ஆனது. இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் வழக்கம்போல ‘/பேக்கப்’ ஃபோல்டருக்குள் கொட்டியது. அங்கே டிஸ்க் இல்லையே, வெறும் ஃபோல்டர்தானே! அத்தனையும் ரூட் பார்ட்டிஷனில் விழுந்து, காலையில் ரூட் 100 சதவீதம் நிரம்பியிருந்தது. லாகின்கூட செய்ய முடியவில்லை. அன்றிலிருந்து டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில், காலி ஃபோல்டரின் மேல் ‘சிஹெச்ஏடிடிஆர் +ஐ’ போட்டுவிடுகிறேன். அந்த ஃபோல்டருக்குள் ரூட் யூசரால்கூட எதுவும் எழுத முடியாது. டிஸ்க் வந்து மேலே உட்கார்ந்தால் இந்தத் தடை கீழே மறைந்துவிடும், டிஸ்க்குக்குள் தாராளமாக எழுதலாம். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் ‘மவுண்ட்பாயிண்ட் -க்யூ /பேக்கப்’ என்ற சோதனையும் வைத்திருக்கிறேன். இரண்டு பூட்டு போட்டால் தூக்கம் வருகிறது.

சரி, எழுதாமலேயே நடக்கும் வழிக்கு வருவோம். ஜிபிடி (டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் இன்றைய முறை) முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ‘வகை’ என்று ஒரு குறியீடு இருக்கும். இது ரூட், இது ஹோம் (யூசர்களின் ஃபைல்கள்), இது ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்) என்று பார்ட்டிஷன் டேபிளே சொல்லிவிட முடியும். 2014 முதல் சிஸ்டம்டியில் ‘ஜிபிடி-ஆட்டோ-ஜெனரேட்டர்’ என்ற சிறு நிரல் இருக்கிறது. பூட்டின் தொடக்கத்திலேயே அது ரூட் இருக்கிற டிஸ்க்கின் டேபிளைப் படித்து, வகை பார்த்து, மவுண்ட் யூனிட்களைத் தானே எழுதிவிடும். எஃப்எஸ்டேப்பில் ஒரு வரிகூட வேண்டாம். பழைய எம்பிஆர் டிஸ்க் என்றால் இது எட்டிக்கூடப் பார்க்காது. பக்கத்து டிஸ்க்கையும் பார்க்காது. அதனால்தான் பேக்கப் டிஸ்க்குக்கு மேலே சொன்ன வழி. ரூட்டையே இப்படித் தேட வைக்க வேண்டுமென்றால், தான் எந்த பார்ட்டிஷனிலிருந்து கிளம்பினேன் என்று பூட்லோடர் (கர்னலை ஏற்றிக் கிளப்பும் நிரல்) சொல்லியாக வேண்டும். சிஸ்டம்டி-பூட் என்ற பூட்லோடர் அதைச் சொல்லும். ஹோம், ஸ்வாப் இரண்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

வகையை மாற்ற நான் ஜிடிஸ்க் என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். சூடோவோடு ஜிடிஸ்க் என்று அடித்து டிஸ்க்கின் பெயரைக் கொடுங்கள், பார்ட்டிஷன் எண் இல்லாமல். திறந்ததும் ‘ஜிபிடி: பிரசன்ட்’ என்று வர வேண்டும். ‘பி’ அழுத்தினால் பட்டியல், அதில் கோட் என்ற பத்தியைப் பாருங்கள். சாதாரணமாக 8300 இருக்கும், அதாவது ‘ஏதோ ஒரு லினக்ஸ் பார்ட்டிஷன்’. இதை வைத்து ஜெனரேட்டரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ‘டி’ (தமிழில் இரண்டு எழுத்துக்கும் ஒரே ஒலி என்பதால் கவனம்: டைப்பின் முதல் எழுத்து, டெலிட்டின் முதல் எழுத்து அல்ல!) அழுத்தி, பார்ட்டிஷன் எண்ணைக் கொடுத்து, ஹோம் என்றால் 8302, ஸ்வாப் என்றால் 8200, 64-பிட் இன்டெல், ஏஎம்டி மெஷினின் ரூட் என்றால் 8304. மறுபடி ‘பி’ போட்டு இரண்டு முறை படியுங்கள். திருப்தியானால் ‘டபிள்யூ’. மாறுவது டேபிளில் ஒரு குறியீடு மட்டும்தான், உள்ளே இருக்கிற ஃபைல்களைத் தொடாது. ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்க் என்பதால் கர்னல் இன்னும் பழைய டேபிளையே வைத்திருக்கிறது என்று எச்சரிக்கும், ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்துவிடும்.

இதெல்லாம் சரியாகச் செய்து, எஃப்எஸ்டேப்பில் ஹோம் வரியையும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். ஹோம் மவுண்ட் ஆகவில்லை. குறியீடு 8302தான், டிஸ்க் ஜிபிடிதான். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். காரணம் ரொம்பச் சின்னது: மவுண்ட் ஆக வேண்டிய ஃபோல்டர் காலியாக இல்லாவிட்டால் ஜெனரேட்டர் பேசாமல் ஒதுங்கிவிடும். ஹோமைப் புதிய பார்ட்டிஷனுக்கு நகர்த்தியபோது, பழைய யூசர் ஃபோல்டரை ரூட்டிலேயே விட்டு வைத்திருந்தேன். அதை அப்புறப்படுத்தியதும் அடுத்த பூட்டில் வந்துவிட்டது. எஃப்எஸ்டேப்பில் அந்த இடத்துக்கு வரி இருந்தாலும் இதே கதைதான். நீங்கள் எழுதியது இருந்தால் அது தலையிடாது.

எது எங்கிருந்து வந்தது என்று குழம்பினால் ‘சிஸ்டம்சிடிஎல் கேட் ஹோம்.மவுண்ட்’ அடியுங்கள். இந்த யூனிட்டை எழுதியது ஜிபிடி-ஆட்டோ-ஜெனரேட்டரா, எஃப்எஸ்டேப்-ஜெனரேட்டரா என்று தொடக்கத்திலேயே இருக்கும்.

ஸ்வாப்பில் ஒரு ஜாக்கிரதை. அந்த டிஸ்க்கில் ஸ்வாப் என்று குறித்த எல்லாவற்றையும் இது எடுத்துக்கொள்ளும். ஒரே டிஸ்க்கில் இரண்டு லினக்ஸ் வைத்து, ஒன்றை ஹைபர்னேட் செய்துவிட்டு (மெமரியை ஸ்வாப்பில் சேமித்து அணைத்துவிட்டு) இன்னொன்றில் நுழைகிற பழக்கம் இருந்தால், முதலாவதின் ஸ்வாப்பைத் தொடவிடக் கூடாது. ஜிடிஸ்க்கில் ‘எக்ஸ்’ அழுத்தி எக்ஸ்பர்ட் மெனுவுக்குப் போய், ‘ஏ’, பார்ட்டிஷன் எண், பிறகு 63. இந்த 63-ஆவது பிட் போட்டால் ‘என்னைத் தானாக எடுக்காதே’ என்று பொருள். எல்லாமே வேண்டாம் என்றால், பூட்லோடர் கர்னலுக்குக் கொடுக்கும் ஆப்ஷன் வரியில் ‘சிஸ்டம்டி.ஜிபிடி_ஆட்டோ=0’.

கூட வேலை பார்க்கிற தம்பி ஒருவன் ஒரு நாள் போன் செய்தான். “அண்ணே, கறுப்புத் திரையா நிக்குது, பாஸ்வேர்ட் கேக்குது, டிஸ்க் போயிடுச்சா?” டிஸ்க் எங்கேயும் போகவில்லை, எஃப்எஸ்டேப்பில் ஒரு எழுத்து போயிருந்தது. அந்த நிலையில் ரூட் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போங்கள். ஃபைலைச் சேவ் செய்ய விடாவிட்டால் ரூட் ‘படிக்க மட்டும்’ நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’ அடித்துவிட்டு, தகராறு செய்யும் வரியின் முன்னால் ஒரு ஹேஷ் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். வரியை நிதானமாகப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

டிடி கமாண்டால் டிஸ்க்கை அப்படியே நகல் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. நகலுக்கும் அதே யூயூஐடிதான் வரும். இரண்டையும் ஒன்றாகச் செருகி பூட் செய்தால் எது மவுண்ட் ஆகும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஒரு வாரம் நகலில் வேலை செய்துவிட்டு அசலைத் தேடிய அனுபவம் எனக்கு உண்டு. எக்ஸ்ட்4 என்றால் நகலை மவுண்ட் செய்யாமல் வைத்துக்கொண்டு, ‘ஈ2எஃப்எஸ்சிகே -எஃப்’ ஓட்டிவிட்டு ‘டியூன்2எஃப்எஸ் -யூ ரேண்டம்’ என்பதோடு நகல் பார்ட்டிஷனின் பெயரைக் கொடுத்தால் புதிய எண் கிடைத்துவிடும். அதில் கோடுக்குப் பின் வரும் யூ மட்டும் பெரிய எழுத்து.