முதல் சால்டரிங் கிட்: மாறி மாறி மின்னும் இரண்டு எல்இடி

சால்டரிங் (உலோகக் கம்பியை உருக்கி மின்பாகங்களை ஒட்டும் வேலை) பழக வருபவர் கையில் எடுத்த எடுப்பில் ரேடியோ கிட்டைக் கொடுக்காதீர்கள். இரண்டு எல்இடி மாறி மாறி மின்னும் சர்க்யூட்டே போதும். மொத்தம் 24 ஒட்டு. எங்கே பிசகினாலும் விளக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆளுக்கு ஒரு பொட்டலம் கட்டுங்கள்: பிசி547 டிரான்சிஸ்டர் 2, சிவப்பு எல்இடி 2, 470 ஓம் ரெசிஸ்டர் 2, 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் 2, 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 2, மூன்று ஏஏ பேட்டரிக்கான பெட்டி 1, 5×7 செ.மீ. துளைப் பலகை 1. கோலாலம்பூரில் இருப்பவர்கள் புடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் ஏறி இறங்கினால் எல்லாம் கிடைக்கும். கடையில் பிசி547க்குப் பதில் 2என்3904 கொடுத்தால் வேலை செய்யும், ஆனால் கால் வரிசை தலைகீழ். பிசி547இன் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர்.

9 வோல்ட் பேட்டரி வேண்டாம். கெப்பாசிட்டர் பேஸைக் கீழே இழுக்கும்போது, பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே தலைகீழாக விழும் வோல்ட், அந்த டிரான்சிஸ்டர் தாங்கக்கூடிய 6 வோல்ட்டைத் தாண்டிவிடும். 4.5 வோல்ட்டில் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு டிரான்சிஸ்டருக்கு ஒரு பக்கம்; இணைப்பு இரு பக்கமும் ஒன்றேதான். பேட்டரியின் பிளஸிலிருந்து 470 ஓம், அடுத்து எல்இடியின் நீளக் கால், அதன் குட்டைக் கால் கலெக்டருக்கு. பிளஸிலிருந்து 47 கிலோ ஓம் பேஸுக்கு. எமிட்டர் மைனஸுக்கு. கெப்பாசிட்டரின் பிளஸ் கால் தன் பக்கத்துக் கலெக்டரில், மைனஸ் கால் எதிர்ப்பக்கத்துப் பேஸில். சரியாக அமைந்தால் ஒவ்வொரு விளக்கும் சுமார் அரை வினாடி எரியும்.

சால்டர் கம்பி 0.8 மி.மீ., 60/40 (60% வெள்ளீயம், 40% ஈயம்), உள்ளே ரோசின் ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பிசின்) உள்ளதாக இருக்கட்டும். குழாய் வேலைக்கான அமில ஃபிளக்ஸ் செம்பை அரித்துவிடும். அயர்னை (சால்டரை உருக்கும் சூட்டுக்கோல்) 330 டிகிரி செல்சியஸில் வைத்து, முனையில் மெல்லிதாகச் சால்டர் பூசிக்கொள்ளுங்கள். முனை, பலகைத் துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையத்தையும் பாகத்தின் காலையும் ஒருசேரத் தொட வேண்டும். ஒரு வினாடி கழித்து, எதிர்ப்பக்கமிருந்து சால்டரை மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஊட்டுங்கள். முதலில் சால்டரை எடுங்கள், பிறகு அயர்னை. இறுகும்வரை ஆட்டக் கூடாது. பலரும் சால்டரை அயர்ன் முனையில் உருக்கிக் கொண்டுபோய் அப்புவார்கள். வழியிலேயே ஃபிளக்ஸ் எரிந்துபோகும், ஒட்டு உருண்டையாக நிற்கும், உள்ளே பிடிப்பே இருக்காது. நல்ல ஒட்டு கவிழ்த்த புனல் போல் காலோடு சரிந்து பளபளக்கும். ஈயமில்லாத சால்டரில் நல்ல ஒட்டும் மங்கலாகவே தெரியும். அங்கே நிறத்தைவிட வடிவத்தைப் பாருங்கள்.

ஒட்டும் வரிசை: முதலில் ரெசிஸ்டர், கடைசியில் உயரமானவை. சால்டரில் ஈயம் இருப்பதால், கை கழுவாமல் தேநீர்க் கோப்பையைத் தொடாதீர்கள்.

இரண்டு விளக்கும் விடாமல் எரிந்தால் ஒரு கெப்பாசிட்டர் ஒட்டு விட்டிருக்கிறது. ஒன்று மட்டும் எரிந்தால், எரியாத பக்கத்து எல்இடி திரும்பியிருக்கும், அல்லது 47 கிலோ ஓம் ஒட்டில் பிடிப்பில்லை. இரண்டும் மங்கலாகவே எரிந்தால் ரெசிஸ்டர்கள் இடம் மாறியிருக்கின்றன. இரு வகை ரெசிஸ்டருக்கும் முதல் இரு வண்ணப் பட்டைகள் மஞ்சள், ஊதாதான். மூன்றாவது பழுப்பு என்றால் 470, ஆரஞ்சு என்றால் 47 கிலோ.